தரகர் மலை இறங்கினார்

அந்தக் காருக்குத் தரகர் என்று பெயர் வைத்தவள் அவன் மனைவி. கல்யாணத்துக்குப் பிறகு வைத்த பெயர். அதற்கு முன்னால் அது வெறும் வண்டிதான்.

அவன் அந்த வீட்டு வாசலில் முதன்முதலாகப் போய் நின்றது பெண்ணைப் பார்த்து அல்ல. வேலைக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவன், எதிர்ச்சாரியில் ஒரு வீட்டு முன்னால் அந்தக் காரைப் பார்த்துவிட்டான். உருண்டு திரண்ட முதுகு. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் கிரில். கதவுக் கண்ணாடிக்கு முன்னால் தனியாகத் திறந்து மூடும் சின்ன முக்கோணக் கண்ணாடி. பஸ் வந்தது, போனது. அவன் சாலையைத் தாண்டிப் போய், கைகளைக் கண்ணோரம் குவித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங் கழுத்தோடு ஒட்டிய கியர். முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரும் ஒரே நீள சீட். டாஷ்போர்டில் ஓடாத கடிகாரம். கடிகாரம் ஓடுகிற பழைய காரை அவன் இன்றுவரை பார்த்ததில்லை.

"யாரு வேணும்?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஈரத் தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண்.

"காரு..." என்றான்.

"காரா? அது எங்கம்மாவோடது. கேட்டா அடிக்க வருவாங்க. என்னைக் கேளுங்க, யோசிக்காம குடுத்துடுவாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் ஓடிய வேகத்தைப் பார்த்து அவள் அம்மா வெளியே வந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிரில் நிற்பவன் என்ன வாங்கப் போகிறான் என்று எடை போடும் பார்வை இன்னும் ஓய்வு பெறவில்லை.

"பாத்தாச்சா?"

"பாத்துட்டேங்க. வண்டி அருமை. ஹார்ன் மட்டும் இதோடது இல்ல."

"அழுத்தவே இல்ல, எப்படித் தெரியும்?"

"கிரில் வழியாத் தெரியுது. அது லாரி ஹார்ன்."

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பழைய ஹார்ன் அடிச்சா ஒரு பயலும் ஒதுங்க மாட்டேங்கிறான். என்ன பண்றது? உள்ள வாங்க. டீ குடிச்சுட்டுச் சண்டை போடலாம்."

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை கல்யாணத்தில் முடிந்தது. முடிந்தது என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பிறகுதான் களைகட்டியது.

மாமியாரின் கட்சி தெளிவானது. பழைய காருக்கு ரோஷம் உண்டு, வஞ்சகம் கிடையாது. கோபம் வந்தால் முனகும், இருமும், புகை விடும். நமக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் நிற்கும். "புதுக் காரு என்ன பண்ணும்? ஒரு மஞ்ச லைட்டைப் போட்டுக் காட்டிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். என்ன கோவம்னு கேக்க நாம கம்ப்யூட்டர் வெச்சிருக்கவன்கிட்ட ஓடணும்."

அவனுடைய கட்சி வேறு. பழைய காரை அவனுக்கும் பிடிக்கும்; ஆனால் எல்லாவற்றையும் மன்னிக்கிற அளவுக்கு இல்லை. மழை வந்தால் வைப்பர் ஆமை வேகத்தில் போகும். ஹெட்லைட் எரிகிறதா என்று இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

"யோசிக்காமத் திரும்பினா அது காரா மாப்பிள்ளை? ஸ்கூட்டர்!"

"அத்தை, முன்னாடி சுவர் வரும்போது எதுக்கு யோசனை?"

"சுவர் வர்ற வரைக்கும் நீங்க என்ன மாப்பிள்ளை பண்ணிட்டு இருந்தீங்க?"

மாமனார் இதில் எந்தக் கட்சியும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். காருக்கு நாலு சக்கரம் என்பதற்கு மேல் அதைப்பற்றித் தெரிந்துகொள்ள விரும்பாதவர். மருமகனைத் "தலைவரே" என்பார். பால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒருமுறை கதவு இடித்துக்கொண்டபோது அந்தக் கதவையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கல்யாண நாள் வந்தால் மனைவி ஞாபகமாக ஆயில் மாற்றச் சொல்வாள். தரகருக்குக் கமிஷன் தரவேண்டாமா என்பாள். முன் சீட்டில் அவன் ஓட்ட, மாமியார் ஜன்னலோரம் உட்கார, நடுவில் அவள். கியர் ஸ்டியரிங் கழுத்தில் இருப்பதால் நடுவில் உட்கார்ந்தவள் முழங்காலில் இடிக்காது. இதைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாகக் கல்யாணமானவன் என்பது கார்களைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே கருத்து.

அவன் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவன். அங்கே யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வந்தால் "வா", போனால் "சரி". அவ்வளவுதான் பேச்சு. இந்த வீட்டில் மாமியார் வாக்கியத்துக்கு ஒரு "மாப்பிள்ளை" போடுவார். மாப்பிள்ளை அந்த ஸ்பேனரை எடுங்க, மாப்பிள்ளை கையை எடுங்க நசுங்கிடும், மாப்பிள்ளை இதுகூடத் தெரியாதா உங்களுக்கு. தன்னை ஒருவர் இத்தனை முறை கூப்பிடுவார் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை. அதற்காகவே சில நாள் வேண்டுமென்றே தப்பான ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான்.

போன மழைக்காலத்தில் மனைவி ஒரு காய்ச்சலில் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த ஒரு உறவுக்காரப் பெண்மணி சமையலறையில் மாமியாரிடம் சொன்னதை அவன் கூடத்திலிருந்து கேட்டான். "சின்ன வயசு. நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போற பையன். இங்க எத்தனை நாளைக்கு வரப் போக இருப்பான்?" பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

கோபம் ஒன்றும் இல்லை. வந்தால் டீ வரும், சாப்பாடு வரும். ஆனால் அவர் பேச்சில் ஆள் இருக்காது. "டீ வெச்சிருக்கு." "கதவு தெறந்துதான் இருக்கு." "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை மாட்டியிருக்கு." யாருக்கு வைத்திருக்கிறது, யாருக்குத் திறந்திருக்கிறது என்பதெல்லாம் கிடையாது. அவனும் சளைக்கவில்லை. அத்தை என்ற சொல்லை முழுங்கிவிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சு", "கிளம்ப வேண்டியதுதான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லப் பழகினான். யாரும் யாரையும் கூப்பிடாமலே ஒரு குடும்பத்தை நடத்திவிடலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். காரை எடுத்து ஒரு சுற்று ஓட்டாவிட்டால் பாட்டரி இறங்கிவிடும். அது ஒரு காரணம். சொல்லிக்கொள்ள இருந்த ஒரே காரணமும் அதுதான். மாப்பிள்ளை என்றும் இல்லை, மகன் என்றும் இல்லை; இந்த வீட்டுக்கு இனி நான் யார் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. ஒரு நாள் மாமியாரும் அதே கேள்வியில் வந்து நிற்பார், அன்றைக்குக் கதவு சாத்தியிருக்கும் என்று பயந்தான். வேறு எதற்கும் பயப்படுகிற தெம்பு அவனிடம் இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மலைமேல் ஏரிக்கரையில் கூடுவார்கள். இந்த முறை அந்தப் பேச்சே எழாது என்று நினைத்திருந்தான். மாமியார் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை மலைக்கு வண்டி போகுது."

"சரி. ஓட்ட ஆள் வரும்."

"டிபன் கட்டியாச்சுன்னா விடியறதுக்கு முன்னாடி கிளம்பலாம்."

"ஆள் சீக்கிரமே வரும்."

போனை வைத்த பிறகு அவனுக்கே சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

அன்று காலை மாமனார் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்தார். மாமியார் வழக்கம்போல ஜன்னலோரம். நடுவில் தண்ணீர் கேனும் சாப்பாட்டுப் பையும். வண்டி சோக் இழுத்ததும் ஒரு இருமல் இருமி, உடனே கிளம்பிவிட்டது.

"தரகருக்கு இன்னைக்கு உற்சாகம்" என்றார் மாமனார். சொன்ன கையோடு அவர் தூங்கிவிட்டார்.

மலையேற்றம் நன்றாகவே இருந்தது. இரண்டாவது கியரில் இன்ஜின் ஒரே சுருதியில் உறுமியது. முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் குளிர்ந்த காற்று நேராக முகத்துக்கு வந்தது. ஏ.சி. காரில் உட்கார்ந்தால் மலை சினிமா மாதிரி ஓடும். இதில்தான் வாசனையோடு வரும். இதைச் சத்தமாகச் சொல்லலாமா என்று யோசித்தான். சொன்னால் மாமியார் "இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களா மாப்பிள்ளை" என்பார். அந்த "மாப்பிள்ளை" வராமல் போய்விட்டால்? முக்கோணக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டதோடு நிறுத்திக்கொண்டான்.

ஏரிக்கரையில் கார்கள் வரிசையாக நின்றன. தெரிந்தவர்கள் வந்து மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவனிடம் தலையசைத்தார்கள். பிறகு எல்லாரும் பானெட்டைத் திறந்துகொண்டு தலையை உள்ளே விட்டார்கள். பழைய கார்க்காரர்களிடம் இது ஒரு நல்ல குணம். முகத்தைப் பார்த்துப் பேச முடியாததை இன்ஜினைப் பார்த்துப் பேசிவிடுவார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர், தலையில் தொப்பி, தரகரை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். ஹார்னைப் பார்த்தார். சிரித்தார். மாமியாரிடம் வண்டியின் ஜாதகம் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அவனைக் காட்டி, "இவர் யாரு?" என்றார்.

"இவரு..." என்றார் மாமியார்.

அதற்கு மேல் வரவில்லை. உதடு ஒருமுறை சேர்ந்து பிரிந்தது. தொப்பிக்காரர் மரியாதையாகக் காத்திருந்தார். காத்திருக்கக் காத்திருக்க மாமியாரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அவனால் பார்க்க முடியவில்லை.

"டிரைவர்ங்க" என்றான்.

"அப்படியா! இந்தக் கியரு போடத் தெரிஞ்ச டிரைவர் இப்பக் கெடைக்கிறதே கஷ்டம்மா. விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காருக்குப் போனார்.

அன்றைக்கு மாமியார் யாரோடும் சண்டை போடவில்லை. ஒருவர் தன் அருமையான பழைய காருக்குக் கிளிப்பச்சை நிறம் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அவரைக்கூடச் சும்மா விட்டுவிட்டார். டிபன் பையைத் திறக்கவே இல்லை. சீக்கிரமே, "வண்டி கிளம்பலாம்" என்றார்.

இறங்கும்போது இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் சொன்னது தப்பா என்று அவன் தனக்குள்ளே கேட்டுக்கொண்டான். அவரைக் காப்பாற்றத்தானே சொன்னேன்? வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்? இப்படி ஒன்றையே திருப்பித் திருப்பி யோசித்ததில், ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பாலபாடம் மறந்துபோனது. டாப் கியர். கால் பிரேக்கின் மேலேயே. வளைவுக்கு வளைவு அழுத்திக்கொண்டே வந்தான்.

முதலில் வாசனை வந்தது. துணி கருகுகிற மாதிரி. பிறகு பெடல் கல்லானது. அழுத்தினான், வண்டி கேட்டுக்கொள்ளவில்லை. இன்னும் அழுத்தினான். எதிரே வளைவு, வளைவுக்கு அப்பால் வெறும் ஆகாயம்.

"பிரேக்க விடுடா!"

அவன் காதுக்குள் இடி விழுந்த மாதிரி இருந்தது.

"டேய்! காலை எடு! செகண்டுக்கு எறக்கு! என்னடா பாத்துட்டு இருக்க?"

தண்ணீர் கேன் காலடியில் உருண்டது. மாமியார் சீட்டில் சறுக்கி நடுவுக்கு வந்து, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த கைபிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து விட்டு விட்டு இழுத்தார். அவன் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு உதை உதைத்து, மறுபடி கிளட்சை மிதித்துக் கியர் கம்பியைத் தூக்கினான். பல்சக்கரம் கறகறவென்று கத்தியது.

"கத்தினா கத்தட்டும், தள்ளுடா!"

தள்ளினான். விழுந்தது. இன்ஜின் ஓவென்று அலற, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டியின் வேகம் குறைந்தது. வளைவில் டயர்கள் முனகின. தாண்டியதும் மலைப்பக்கமாகக் கொஞ்சம் அகலமான மண்தரை இருந்தது. அதில் ஏற்றி, ஒரு மேட்டில் முட்டக் கொடுத்து நிறுத்தினான்.

நாலு சக்கரத்திலிருந்தும் புகை வந்தது. பின்னால் சீட்டுக்கும் தரைக்கும் நடுவே விழுந்து கிடந்த மாமனார் எழுந்து கண்ணாடியைத் தேடினார்.

"வீடு வந்தாச்சா தலைவரே?"

"மேல போற வீடுதான் வந்திருக்கும். ஐயா வண்டி ஓட்டின லட்சணம்!" என்றார் மாமியார். கதவை உதைத்துத் திறந்து இறங்கினார். "டிரைவராம் டிரைவர்! எந்த ஊர் டிரைவர்டா டாப் கியர்ல மலை எறங்குவான்? லைசன்ஸ் குடுத்தவன் கையில அகப்படட்டும், அப்புறம் இருக்கு. உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, அதையும் ஷெட்டுல விட்டுட்டு வந்துட்டியா?"

அவன் கேனைத் தூக்கினான்.

"ஊத்தாத! சூடா இருக்கற பிரேக் டிரம்ல தண்ணி ஊத்தினா வெடிச்சுடும்!"

"மூஞ்சி கழுவத்தாங்க."

"கழுவு. நல்லாக் கழுவு. அப்பவாவது தெளியுதான்னு பாப்போம்."

அவன் கழுவினான். பாதித் தண்ணீர் சட்டையில் போனது. மாமியார் முந்தானையை நீட்டி, சட்டென்று நிறுத்திக்கொண்டார். என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் மாறியது.

"அது... பதட்டத்துல வாய் தவறி வந்துடுச்சு" என்றார். "டேய்னு சொல்லிட்டேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவால்லங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

"என்ன நல்லா இருந்துச்சு? மாமியார் மருமகனை டேய்னு கூப்பிட்டா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

"டிரைவரைக் கூப்பிடலாமே."

மாமியார் சீட்டில் கிடந்த துடைக்கும் துணியை எடுத்து அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வலிக்கவில்லை. ஆனால் அடிதான்.

"எதுக்குடா அப்படிச் சொன்ன?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே அத்தை."

அந்தச் சொல் எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்தது. துருப்பிடித்த நட்டு மாதிரி, கொஞ்சம் திருகித்தான் வந்தது. மாமியார் மண்மேட்டில் உட்கார்ந்தார். புகையும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சொல்லத்தான் பாத்தேன். மாப்பிள்ளைன்னு வாயைத் தெறந்தா அவளும் கூடவே வந்து நிக்கிறா. அப்புறம் எங்க பேச்சு வருது?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதோட, அன்னைக்குத் துக்கத்துக்கு வந்தவ சொன்னது உன் காதுலயும் விழுந்திருக்கும், நியாயம்தானே? நாளைக்கு நீ இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போகணும். அவங்க கூப்பிட வேண்டிய பேரை நான் எதுக்குப் புடிச்சு வெச்சுக்கணும்?"

"நான் எங்கயும் போகல."

"போகாம? இந்த வயசுல சாமியாராப் போறியா? இப்ப வேணாம். என்னைக்காவது போ. போயிட்டு, ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிக்கிட்டு இங்க வா. நீ வரலேன்னா நான் யாரோட சண்டை போடறது? இந்த மனுஷனோடயா? பிரேக் எது, பெடல் எதுன்னு தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் மாமனார், காருக்குள்ளிருந்து.

"பாத்தியா?"

தனக்கு அழுகை வரும் என்று நினைத்தான். வரவில்லை. பசிதான் வந்தது. வெட்கம் கெட்ட பசி. அப்படிப் பசித்து ரொம்ப நாளாகிவிட்டது. மாமனார் எப்படித்தான் தெரிந்துகொண்டாரோ, டிபன் பையோடு இறங்கி வந்தார். அவித்த முட்டையும் ரொட்டியும். முட்டைகளில் பாதி நசுங்கியிருந்தன. அவன் நசுங்கியதையெல்லாம் பொறுக்கித் தின்றான். கேட்காமலே இன்னும் இரண்டு ரொட்டி அவன் மடியில் விழுந்தது.

தின்றுகொண்டே காரைப் பார்த்தான். வெயிலில் மூக்கை மேட்டில் இடித்துக்கொண்டு, நாலு காலிலும் புகைந்துகொண்டு நின்றது. பழைய கார்களைப் பற்றி யாராவது கேட்டால் அவன் நிறையக் குறை சொல்வான். பிரேக் மோசம், விளக்கு மோசம், பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். எல்லாம் உண்மை. ஆனால் எல்லாம் தானாக நடந்துவிடுகிற புதுக் காராக இருந்திருந்தால் இன்றைக்கு அவனை யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். பத்திரமாக, சத்தமில்லாமல், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடியே வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். நன்றி என்று சத்தமாகச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து போய் சூடான பானெட்டில் ஒருமுறை கையை வைத்துவிட்டு வந்தான்.

"என்ன, ஜுரம் பாக்கறியா?" என்றார் மாமியார்.

"ஆறிடுச்சான்னு பாத்தேன்."

"சக்கரம் கீழ இருக்கு. பானெட்டுல கை வெச்சா எப்படிடா தெரியும்?"

டிரம்கள் ஆறும்வரை மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் மறுபடி பின் சீட்டில் ஏறிப் படுத்தார். இந்த முறை கதவுக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாமியார் ஜன்னலோரம் போகவில்லை. நடுவிலேயே, கைபிரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்பிக்கை இல்லை என்றார்.

அவன் வண்டியைப் பின்னால் எடுத்து, இரண்டாவது கியரைப் போட்டு மெதுவாகச் சாலையில் இறக்கினான்.

"காலை எங்க வெச்சிருக்க?"

"தரையிலதான் அத்தை."

"அங்கயே இருக்கட்டும். ஓரமாப் போ. அவ்வளவு ஓரமா இல்ல. ஹார்ன் அடி. எதுக்கு இவ்வளவு பெருசா அடிக்கிற?"

"நீங்கதானே லாரி ஹார்ன் மாட்டினீங்க?"

"எதிர்த்துப் பேசாத. ரோட்டப் பாருடா."

ரோட்டைப் பார்த்தான். மலையில் இன்னும் நிறைய வளைவுகள் பாக்கி இருந்தன.